மென்பந்தும் முதலாளியின் கேள்வியும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஒரு மாலைப்பொழுதிலே எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இளைஞர் ஐவர் வந்தனர். ஐவரும் எம்மிடம் வணிகக் கல்வி பயின்றவர்கள். அயலூர் விளையாட்டுக் கழகமொன்றின் மென்பந்து அணியைச் சேர்ந்தவர்கள். மென்பந்து என்றால் எம்மவர்க்கு அது கிரிக்கெட்டே. தோற்பந்துக்கும் காற்கவசத்துக்கும் பணம் தேட இயலாத பிள்ளைகள் ரெனிஸ் பந்தைக் கொண்டு ஆடும் கிரிக்கெட்.

“சேர், சுற்றுப்போட்டிக்குப் போட எங்களிட்டைச் சட்டை இல்லை. ஒரு முதலாளியிட்டை அனுசரணை கேக்கப் போறம். நீங்களும் வந்தால் அவர் மாட்டன் எண்டு சொல்ல மாட்டார்” என்றனர்.

முதலாளி சந்தியிலே இரும்புக்கடை வைத்திருப்பவர். சீமெந்து, கம்பி, தகரம், வர்ணம் முதலியன விற்பவர். எமக்கும் நெடுநாட் பழக்கமானவர். எம்மை இருத்தித் தேநீர் வருவித்தார். பிள்ளைகள் கூறியவற்றை முழுவதும் கேட்டார். பின்னர் அவர்களை விட்டு எம்மை நோக்கினார்.

“மாஸ்டர், காசு தாறது பெரிய காரியமில்லை. இதாலை எனக்கு என்ன வரும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறவர்.”

“உங்கள் கடைக்கு நல்ல பெயர் வரும், முதலாளி” என்றோம்.

“நல்ல பேரை எந்த லாச்சியிலை போட்டுப் பூட்டுறது, மாஸ்டர்?”

பிள்ளைகள் சிரித்தனர். எம்மால் சிரிக்க முடியவில்லை. நன்மதிப்பு என்னும் சொத்தைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். ஒருவர் தாமாகவே ஈட்டிய நன்மதிப்பு அவரது ஏட்டில் ஏறாது. வியாபாரம் கைமாறும்போதுதான் அதற்கு விலையுண்டு என்று மாணவருக்குச் சொல்லுகின்றோம். அதனையே கடைக்காரர் ஒருவர் நேரிற் கேட்டபோது எமக்கு விடை வரவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

விடை தேடி நாம் சென்ற இடம் அமெரிக்கா, ஏடுகளின் வழியேதான். மென்பந்து என்னும் பெயருக்கு முழு உரிமையுடைய விளையாட்டு அந்நாட்டிலேதான் தோன்றியது. 1887ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரிற் படகுக் கழகமொன்றின் மண்டபத்துள், பழைய குத்துச்சண்டைக் கையுறையைக் கட்டிப் பந்தாக்கிக் கோலால் அடித்து ஆடியதே அதன் பிறப்பு. பேஸ்போல் விளையாட்டின் தங்கை எனலாம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். அதனைக் கீழிருந்து வீச வேண்டும். பெயர்தான் மென்பந்தேயன்றி, தேர்ந்த வீராங்கனை வீசும் பந்து உடம்பிற் பட்டால் அதன் மென்மை தெரியும்! பேஸ்போலில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி. இதில் 60 அடியே. சிறிய நிலம் போதும், செலவும் குறைவு, வேலை முடிந்த பின் மாலை வெளிச்சத்தில் ஓர் ஆட்டத்தை முடித்துவிடலாம். தொழிற்சாலைகள் இதனை விரும்பி ஏற்றதற்கு இவையெல்லாம் காரணம்.

கனெக்டிகட் மாநிலத்து ஸ்ட்ராட்பர்ட் என்னும் ஊரில் ரேபெஸ்டோஸ் என்ற கம்பனி இருந்தது. மோட்டார் வண்டிகளுக்குப் பிரேக் பட்டிகள் செய்வது அதன் தொழில். பிரேக் பட்டி யார் கண்ணுக்கும் தெரியாத பொருள். தேய்ந்து வண்டி நில்லாமற் போகும்வரை அதன் நினைவே ஒருவருக்கும் எழுவதில்லை. இத்தகைய பண்டத்தை விற்ற கம்பனி 1947ஆம் ஆண்டிலே பெண்கள் மென்பந்து அணியொன்றைத் தொடங்கி, அதற்குப் ‘பிரேக்கெட்ஸ்’ என்று பெயரும் இட்டது. விற்கும் பண்டத்தின் பெயரையே அணியின் பெயருக்குள் வைத்துத் தைத்துவிட்ட சாமர்த்தியத்தை யாம் வியக்கின்றோம். ஆட்டத்தின் முடிவை அச்சிடும் பத்திரிகை, அப்பெயரை விட்டுவிட்டு அச்சிட இயலாதன்றோ!

அவ்வணியின் ஜோன் ஜாய்ஸ் என்னும் வீராங்கனை 1961ஆம் ஆண்டில் வாட்டர்பரி என்னும் ஊரிலே, நல்லதொரு காரியத்துக்குப் பணம் சேர்க்கும் காட்சியாட்டத்தில், டெட் வில்லியம்ஸ் என்பவருக்குப் பந்து வீசினார். டெட் வில்லியம்ஸ் பேஸ்போல் உலகின் தலைசிறந்த அடிவீரர்களுள் ஒருவர். முந்திய ஆண்டிலேதான் ஓய்வு பெற்றிருந்தார். அப்பெண்ணின் பந்தை அவரால் அடிக்க முடியவில்லை. துடுப்பை வீசிவிட்டு நடந்தார் என்று சொல்லுவர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இக்கதையைச் சொல்லும் எவரும் பிரேக்கெட்ஸ் அணியின் பெயரையும் கூடவே சொல்லுகின்றனர். 1965இல் மெல்பேணில் நடந்த முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் அமெரிக்காவின் சார்பில் ஆடியதும் அவ்வணியே. 1974இல் அப்போட்டி ஸ்ட்ராட்பர்டிலேயே நடந்தது. அம்முறை வெற்றியும் அவ்வணிக்கே கிட்டியது. ஆடியோர் சட்டப்படி ஊதியம் பெறாத விளையாட்டாளர். ஆட்டமோ உலகின் முதற்றரம். இவ்வளவு புகழை விளம்பரக் கட்டணம் செலுத்தி வாங்கப் புகுந்தால் எத்தனை டொலர் வேண்டும்?

கதை இவ்வளவோடு நின்றிருந்தால், முதலாளியிடம் மறுநாளே ஓடியிருப்போம்.

ரேபெஸ்டோஸ் என்னும் பெயரை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். அதனுள் அஸ்பெஸ்டஸ் இருக்கின்றது. பிரேக் பட்டியில் அந்நாளிற் சேர்க்கப்பட்ட அப்பொருளின் தூசு நுரையீரலைக் கெடுப்பது என்பது வெளிப்பட்டபோது, அந்நிறுவனத்தின் மீது ஆயிரக்கணக்கான வழக்குகள் குவிந்தன. 1989இல் ஸ்ட்ராட்பர்ட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் கழிவு ஊரின் பல இடங்களில் நிரப்பு மண்ணாகக் கொட்டப்பட்டிருந்தது. கம்பனியின் பெயரைத் தாங்கிய விளையாட்டு மைதானமும் அவ்விடங்களுள் ஒன்று. 1995இல் மத்திய அரசு அத்தொழிற்சாலை நிலத்தை நச்சகற்ற வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலிற் சேர்த்தது. அணியோ அழியவில்லை. வேறு அனுசரணையாளரைத் தேடிக்கொண்டு, அதே ஊரில் அதே பெயருடன் தொடர்ந்து ஆடியது. பிள்ளை நல்லவள், தகப்பன் பெயர்தான் கெட்டது என்பது போலாயிற்று. பண்டத்தில் உள்ள பழுதைப் பந்தாட்டம் மறைக்கும் என்று எவரேனும் நினைத்திருந்தால், அவர் கணக்கு அங்கே பிழைத்தது.

இண்டியானா மாநிலத்துப் போர்ட் வேய்ன் நகரிலிருந்த பிரெட் சொல்னர் என்பவரின் கதை வேறு. அவர் மோட்டார் எஞ்சின்களுக்குப் பிஸ்டன் வார்த்தவர். அவருடைய சொல்னர் பிஸ்டன்ஸ் என்னும் ஆண்கள் அணி 1945 தொடக்கம் 1947 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசிய வெற்றி பெற்றது. பிஸ்டனைச் சந்தையிற் கூவி விற்பதில்லை. எஞ்சின் செய்யும் கம்பனிகளே அதனை வாங்குவன. அத்தகைய வாடிக்கையாளரை ஒரு விறாந்தையில் இருத்திவிடலாம். ஊரெல்லாம் கைதட்டுவதால் அவருக்கு எத்தனை பிஸ்டன் கூடுதலாக விற்றிருக்கும்? எமது கருத்து, அம்மனிதருக்கு விளையாட்டுப் பித்து இருந்தது, பணமும் இருந்தது என்பதே. அவர் நடத்திய கூடைப்பந்தாட்ட அணி 1957இல் டெட்ரோயிட் நகருக்குப் பெயர்ந்து, பிஸ்டன்ஸ் என்ற பெயரை இன்றும் சுமக்கின்றது. 1974இல் அவர் அதனை விற்றார். நாம் கரும்பலகையில் எழுதும் அந்த நன்மதிப்பு ஒருவாறு விலையாகியது அப்போதுதான்.

எமக்குத் தெளிவு தந்தது யப்பானிய உதாரணமே. அங்கே தகசாகி என்னும் நகரிற் கம்பனி அணியொன்று உண்டு. முதலில் ஹிட்டாச்சி, பின்னர் அதன் வழிவந்த ரெனேசஸ் அதனை நடத்தின. யுகிகோ உவெனோ என்னும் பந்துவீச்சாளர் அவ்வணியினர். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்களிலாக 413 பந்துகள் வீசி, இறுதியில் அமெரிக்காவை 3–1 என வென்று யப்பானுக்குத் தங்கம் கொணர்ந்தவர். இதற்கு மேல் ஓர் அனுசரணையாளர் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆயினும், நட்டத்தில் வீழ்ந்த ரெனேசஸ் சில ஆண்டுகளில் அவ்வணியைக் கைவிட்டது. 2015 முதல் பிக் கமெரா என்னும் நிறுவனம் அணியை அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஒரே அணி, அதே உவெனோ. ஒருவர்க்குச் சுமையானது மற்றவர்க்கு எவ்வாறு கொள்முதலாயிற்று? ரெனேசஸ் செய்வது மோட்டார் வண்டிகளினுள்ளும் இயந்திரங்களினுள்ளும் மறைந்து கிடக்கும் நுண்சில்லு. உவெனோவின் ஆட்டத்தைக் கண்டு மெய்சிலிர்த்த ஒருவர் எழுந்து போய் ஒரு நுண்சில்லு வாங்கப்போவதில்லை. பிக் கமெராவோ கமெராவும் வானொலியும் சலவை இயந்திரமும் விற்கும் பெருங்கடை. அது தோன்றியதே தகசாகி நகரில்; அங்கே புகையிரத நிலையத்தருகில் அதற்குக் கடையும் உண்டு. ஆட்டம் பார்த்துவிட்டு வீடு செல்பவர் கடை வாசலைக் கடந்துதான் செல்லுகிறார். 2021இல் டோக்கியோவில் உவெனோ மீண்டும் தங்கம் பெற்றபோது, யப்பான் 2–0 என அமெரிக்காவை வென்றபோது, அவர் பிக் கமெராவின் வீராங்கனை. கைதட்டுகின்ற கைக்கும் காசு கொடுக்கின்ற கைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அனுசரணை கொடுப்பவர் முதலில் அளந்துகொள்ளல் வேண்டும் என்பது எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

உயர்தர அணிக்குச் செலவோடு ஆபத்தும் அதிகம். டெக்சாஸ் மாநிலத்து ஸ்கிராப் யார்ட் என்னும் தொழில்முறை அணி 2016இல் மொனிக்கா அபொட் என்ற பந்துவீச்சாளருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 10 இலட்சம் டொலர் என ஒப்பந்தம் செய்து புகழ் பெற்றது. அத்தொகையிற் பெரும்பங்கு, வரும் பார்வையாளரின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதை மட்டும் ஏட்டில் வாசித்தவர் சிலரே. 2020 ஆனி மாதத்தில் ஓர் ஆட்ட நாளன்று, வீராங்கனைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதைக் காட்டி, அணியின் நிர்வாகி ஒருவர் அரசியல் நோக்குடன் ஒரு செய்தியைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். கேட்காமல் தம்மைக் கருவியாக்கியமைக்காக வீராங்கனைகள் அனைவரும் அணியை விட்டு நீங்கி, வேறு பெயரில் ஆடினர். பல ஆண்டுகள் பணம் கொட்டி வாங்கிய பெயர் ஓர் இராப்பொழுதிற் போயிற்று. அந்த அணி முன்னர் ஆடிய தொழில்முறைச் சங்கமும் 2021இற் கலைந்தது. 2025இல் நான்கு அணிகளுடன் புதிய சங்கமொன்று தொடங்கியது. பேஸ்போலின் பெருஞ்சங்கமே அதில் முதலிட்டுள்ளது. 2028 ஒலிம்பிக்கில் மென்பந்து திரும்பவும் இடம்பெறுவதாலும் இவ்வூக்கம் போலும். அது பெருமுதலாளிகளின் சூது. எமது முதலாளிக்கு உரியதன்று.

குறித்த நாளிற் கொப்பித் தாளொன்றிற் கணக்கெழுதிக்கொண்டு கடைக்குச் சென்றோம். 15 சட்டைக்கு 30,000 ரூபா. துடுப்பும் பந்தும் 18,000. போட்டிக் கட்டணமும் போக்குவரத்தும் 12,000. ஆக, 60,000. கடையில் 100 ரூபாவுக்கு விற்றால் 10 ரூபா மிஞ்சும் என்று முதலாளியே முன்னர் எமக்குச் சொல்லியிருந்தார். ஆகவே 6 இலட்சம் ரூபாவுக்குப் புதிய வியாபாரம் வந்தாலன்றிச் செலவு தேறாது.

“ஆறு இலட்சமோ!” என்றார் முதலாளி.

“தேநீர்க் கடையானால் வேண்டாமென்றே சொல்லியிருப்போம். ஒரு கோப்பைக்கு 10 ரூபா மிஞ்சினால், அவர் 6,000 கோப்பை கூடுதலாக விற்கவேண்டும். நீங்கள் விற்பது சீமெந்தும் கம்பியும். ஊரில் வீடு கட்டும் ஒருவர், இரண்டு பேர் நகரத்துக் கடைக்குப் போகாமல் உங்களிடம் வந்தாற் போதும். இந்தப் பிள்ளைகளில் நால்வரின் தகப்பன்மார் மேசன்மார். ஆட்டம் பார்க்க வருபவர் எல்லோரும் உங்கள் கடைக்குச் சைக்கிளில் வரக்கூடிய தூரத்திலேயே இருக்கிறார்கள்” என்றோம்.

இன்னும் இரண்டு சொன்னோம். ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்துவதானால் இப்போதே கொடாதிருப்பது மேல். ஊரார் கொடுத்ததை மறந்து நிறுத்தியதையே பேசுவர். மூன்று ஆண்டுகளாவது நிற்கவேண்டும். மற்றது, சட்டையிற் பெயர் போட்ட பின் பழைய, கட்டிபட்ட சீமெந்தை ஒருவருக்கும் கொடுத்துவிடக் கூடாது. இதைச் சொல்லும்போது எமக்குச் சற்றே கூச்சமாயிருந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார், மறுக்கவில்லை. கணக்குத் தாளை நான்காய் மடித்து லாச்சியினுள் வைத்தார். மூன்று ஆண்டுக்கு வாக்களித்தார்.

பங்குனியிற் சுற்றுப்போட்டி நடந்தது. நீலச் சட்டையின் முதுகில் கடைப்பெயர் பளிச்சென்றிருந்தது. எமது பிள்ளைகள் இரண்டாவது சுற்றிலேயே தோற்றனர்.

அடுத்த கிழமை முதலாளி தொலைபேசியில் அழைத்தார். அணித் தலைவனின் சிறிய தகப்பன் முதன்முறையாகக் கடைக்கு வந்து, பிள்ளைகளுக்கு நீங்கள் செய்த உதவியை ஊரே பேசுகிறது என்று புகழ்ந்து, 20 பை சீமெந்தும் ஒரு கட்டுக் கம்பியும் ஏற்றிச் சென்றாராம்.

“பார்த்தீர்களா, முதலாளி!” என்றோம், மகிழ்ச்சியோடு.

“பாத்தனான், மாஸ்டர். எல்லாம் கடனுக்கு. உங்கட கணக்குத் தாளிலை கடனுக்கு இடம் விடேல்லையே!”

வீடு கட்டி முடிந்து ஆவணியிலே அக்கடன் தீர்ந்தது. இவ்வாண்டுச் சட்டைக்கு முதலாளி அளவெடுக்கச் சொல்லியிருக்கிறார். கடைப்பெயரோடு தொலைபேசி இலக்கமும் வேண்டுமாம்.