பாட்டி அலமாரியை விற்பதற்கு முன்னால்



போன வாரம் என் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, பாட்டியோட தேக்கு அலமாரி கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. வித்துடலாமா, இல்ல இழைச்சுட்டுப் பளபளன்னு பியூ அடிச்சுடலாமான்னு இவர் கேக்கறார்" என்றாள். பழைய சாமான் கடைக்காரர் வந்து விலைகூடப் பேசிவிட்டாராம். பர்மா தேக்கு என்று சொல்லியிருக்கிறாள். (எல்லார் வீட்டு அலமாரியும் பர்மா தேக்குதான். எங்களுடையது நாட்டுத் தேக்கு, எனக்குத் தெரியும்.) உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

கறுத்திருப்பது மரம் இல்லை. மேலே இருக்கும் பழைய பாலிஷும், அதில் வருடக்கணக்காகப் படிந்த புகையும் கைப்பிசுக்கும்தான். அடித்தட்டுக்குக் கீழே, கண்ணில் படாத மூலையில், பஞ்சில் கொஞ்சம் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது பிரெஞ்சு பாலிஷ். அப்படியானால் இழைக்கவே வேண்டாம்.

பெயர்தான் பிரெஞ்சு. சரக்கு நம் நாட்டு அரக்கு. பாரதக் கதை சொல்லும்போது "அரக்கு மாளிகைன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு இப்போது விவரமாகச் சொல்கிறேன். ஒரு சின்னஞ்சிறு பூச்சி மரக்கிளையில் மொய்த்து, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின் அது. புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த புரச மரத்திலும் இலந்தையிலும் வளரும். ஜார்கண்டில் அதிகம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் இதற்கென்றே 1924ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். தாத்தா காலத்து கிராமபோன் தட்டுகளிலும் இதே அரக்குதான். சில்லு சில்லாக வரும் அரக்கை, லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அளவில் ஊறப்போட்டு வடிகட்டினால் பாலிஷ். ஸ்பிரிட் ஆவியாகிப் போகும், அரக்கு படலமாக நிற்கும். மறுபடி ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். அதன் குறையும் அதுதான், பெருமையும் அதுதான். வேலை நடக்கும் அறையில் மட்டும் விளக்கு ஏற்றாதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிளைவுட் கட்டில் உப்பிப் பிளந்து குப்பைக்குப் போனது. அப்பாவின் எழுதும் மேசை, கால்கள் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, நின்றுகொண்டிருந்தது. சேலையூர் பக்கமிருந்து வரும் பாலிஷ் பெரியவரைக் கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில்ல வெக்காதீங்கம்மா, வெடிச்சுடும். நெழல்ல காயட்டும். தை பொறக்கட்டும், வரேன்" என்றார். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும். அப்போது பாலிஷ் போட்டால் படலம் புகை பிடித்த மாதிரி வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அவர் எவ்வளவு கொடுத்தாலும் வேலைக்கு வரமாட்டார்.

தையில் வந்தார். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். நுண்துளைகளை அடைக்க சாக் பவுடரில் கலர்ப்பொடி குழைத்துப் பூசினார். (முப்பது வருடத்துக்கு மேல் என் மூக்கில் ஏறிய அதே சாக் பவுடர்!) பிறகு பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்து, பாலிஷில் நனைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் துணி ஒட்டி வடு விழுந்துவிடுமாம். காய்ந்ததும் மறுபடி, மறுபடி. நாலு நாள். எந்தக் கால் எவ்வளவு வெளுத்திருந்தது என்று இன்று கேட்டால் எனக்கே அடையாளம் தெரியாது.

பியூவை நான் கெட்டது என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அதுதான் லாயக்கு. பிரெஞ்சு பாலிஷ் மேல் சூடான காபி டபரா வைத்தால் வெள்ளை வளையம் விழும், பியூ தாங்கும். ஆனால் கெட்டியான பியூ ஸ்பிரிட்டில் கரையாது. நாளைக்கு ஒரு மூலை உரிந்தால் அதை மட்டும் ஒட்டுப் போடுவது பெரும்பாடு, முழுதும் இழைக்க வேண்டியிருக்கும். இழைத்தால் மேல் மரமும் போகும். அந்த அலமாரியின் உள்கதவில், வருடா வருடம் எங்கள் இருவரையும் நிறுத்தி அம்மா ஆணியால் கீறிய உயரக் கோடுகள் இருக்கின்றன. அண்ணன் கோடு ஒன்பதாவது வயதில் என் கோட்டுக்குக் கீழே. அண்ணன் இன்று இல்லை.

இன்னொன்று. மங்கிய மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விடுங்கள். அது காயவே காயாது, தூசிதான் சேரும். ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய்தான் வேண்டுமென்றால் ஆளி விதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகும், இறுகும்போது சூடு கிளம்பும். அதனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன்கள் ஸ்பிரே வேலைக்குப் போய்விட்டார்கள். வரும் தையில் எங்கள் மேசைக்கு இன்னொரு கை போட வருகிறார். அண்ணன் மகளே, அதுவரை அலமாரி அங்கேயே இருக்கட்டும். கடைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, நான் தருகிறேன். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மாணவர்கள் வேண்டுமானால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு போட்டு, கூலியில் பேரம் பேசாதவர்களுக்கு மட்டும் அவர் நம்பர் தருவேன்.