வந்தாலும் தொல்லை, வராவிட்டாலும் தொல்லை

கைபேசிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "இப்ப இல்லேன்னா என்ன சார், அடுத்த அப்டேட்ல எல்லாம் வந்துடும்!" இதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

2012 ஏப்ரலில் அமெரிக்காவில் நோக்கியா லூமியா 900 விற்பனைக்கு வந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் விலை நூறு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. இயங்குதளம் விண்டோஸ் போன் 7.5. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்த சூடு ஆறுவதற்குள், ஜூன் 20 அன்று மைக்ரோசாஃப்ட் அடுத்த பதிப்பான எட்டை அறிவித்தது. கூடவே ஒரு குண்டையும் போட்டது: பழைய கைபேசி எதிலும் அது ஏறாது!

காரணம் இல்லாமல் இல்லை. ஏழு, விண்டோஸ் சிஇ கர்னலின் மேல் கட்டப்பட்டது. எட்டு, கணினி விண்டோஸில் இருக்கும் என்டி கர்னலுக்கு மாறிவிட்டது. பொறியாளருக்கு இது நியாயம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் இருபத்தியொரு மாதம் பாக்கி வைத்திருந்தவருக்கு? எட்டுக்கென்று எழுதிய மென்பொருள்கள் அவர் கையில் இருந்த கருவியில் ஓடாது. ஆறுதல் பரிசாக 2013 தொடக்கத்தில் 7.8 வந்தது. முகப்புத் திரையில் இருக்கும் கட்டங்களைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். பெரிய மாற்றம் என்றால் அதுதான்!

எட்டு வாங்கியவர்களாவது தப்பித்தார்களா? 2016 மார்ச்சில் பழைய கருவிகளுக்கு விண்டோஸ் 10 மொபைல் தரப்பட்டபோது, மலிவு விலையில் ஏராளமாக விற்ற லூமியா 520 அந்தப் பட்டியலில் இல்லை. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவும் நின்றுபோனது.

சரி, அப்டேட் வந்துவிட்டால் நிம்மதியா? ஐபோன் 3ஜி வைத்திருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். 2008-ல் வந்த அந்தக் கருவிக்கு 2010 ஜூனில் ஐஓஎஸ் 4 கிடைத்தது. ஆசையாக ஏற்றிய பலருக்கு, ஒரு குறுஞ்செய்தியைத் திறப்பதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலை. அந்தப் பதிப்பின் பெருமையான மல்ட்டி டாஸ்கிங்கும் 3ஜிக்கு இல்லை. பழையதற்கே திரும்பிவிடலாம் என்றால் ஆப்பிள் அதற்கு முறையான வழி வைக்கவில்லை. செப்டம்பரில் 4.1 வந்த பிறகுதான் கருவிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆண்ட்ராய்டில் வேறு கதை. கூகுள் எழுதியதைச் சிப் தயாரிப்பவர் பொருத்தி, கைபேசி நிறுவனம் தன் அலங்காரத்தைச் சேர்த்து, சில நாடுகளில் தொலைபேசி நிறுவனமும் சோதித்து... இதற்குள் அடுத்த மாடலே கடைக்கு வந்துவிடும்! 2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ட்ரெபிள் திட்டம் இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தியது. 2023-ல் பிக்சல் 8-க்கு ஏழு வருட அப்டேட் என்று கூகுளே அறிவித்தது.

நல்ல செய்திதான். ஆனால் விலை குறைந்த கைபேசிகள் பலவற்றுக்கு அந்த ஏழு வருடம் கிடையாது. ஒரே கருவியை அதிக நாள் வைத்திருக்க வேண்டியவர் கையில்தான் சீக்கிரம் கைவிடப்படும் கருவி இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன அதே கருவியில்தான் அவர் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

அடுத்த முறை கடைக்காரர் அந்த வசனத்தைச் சொன்னால், வாங்குபவர் பதிலுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எத்தனை வருஷத்துக்கு?"