68 வயதில் ஒரு சமையல் வகுப்பு

சென்ற ஆண்டு துல்கஅதா மாதத்தில் எங்கள் அம்மா வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கபுரை விசாலமாக்கி வைப்பானாக. நாங்கள் அண்ணன் தம்பி இருவர். இதை இருவருமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். எங்கள் பூர்விக வீடு ராஜபாளையத்தில் இருக்கிறது. அத்தா அவ்வூரின் நூற்பாலை ஒன்றில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் தொழிலின் பொருட்டுக் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். அம்மா இருந்தவரை அது ஒரு தொலைவாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மூத்தா போர்க்களத்தில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவை எட்டியபோது, அன்னாரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். அந்த நடைமுறையை எங்கள் தெருவினர் மறக்கவில்லை. மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான்காம் நாள் உறவினர் கலைந்தனர். ஒரு வாரத்தில் நாங்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்லித் திரும்பினோம். எங்களுடன் வந்துவிடுமாறு அத்தாவை எத்தனையோ முறை மன்றாடினோம். அம்மா புழங்கிய வீட்டைப் பூட்டிப்போட மனம் வரவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆகவே டிபன் கேரியர் பயணம் தொடங்கியது. எங்களில் இளையவருக்கு ராஜபாளையத்தில்தான் கடை. அன்றாடம் காலைப் பேருந்தில் மூன்றடுக்குக் கேரியர் போகும். இரவில் கழுவிய கேரியர் திரும்பி வரும். "நல்லா இருந்துச்சுப்பா" என்று அத்தா சொல்வார். நாங்களும் நம்பினோம். கொல்லைப்புறத்துப் பூனைகள் கொழுத்திருந்ததை நான்கு மாதம் கழித்துத்தான் கவனித்தோம். அதற்குள் அத்தாவின் எடை 9 கிலோ குறைந்திருந்தது. ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் போனவர், ஒளு செய்ய ஹவ்ளின் ஓரத்தில் அமர்ந்தபோதே மயங்கிச் சாய்ந்தார். வெறும் வயிற்றில் இரத்த அழுத்த மாத்திரை. வேறு நோய் ஏதுமில்லை, ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று கூறி மருத்துவர் அனுப்பிவைத்தார்.

மனைவியை இழந்த ஆண்களின் நிலை பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது. 1957இல் துணையை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 பிரிட்டன் ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1969இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. முதல் ஆறு மாதங்களுக்குள் அவர்களில் 213 பேர் இறந்திருந்தனர். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களிடையே எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட இது 40 விழுக்காடு அதிகம். ஆயுள் அல்லாஹ்வின் கையில் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் இதைப் படித்த இரவில் நாங்கள் இருவரும் உறங்கவில்லை. அத்தாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நம் சமுதாயத்து ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவுக்கு முன் நிற்கும் பண்டாரி ஆண்தான். ரமளானில் பள்ளிவாசல்தோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோரும் ஆண்களே. எங்கள் அத்தாவும் பல ஆண்டுகள் அந்தக் கஞ்சிச் சட்டியைத் துடுப்பால் கிண்டியவர்தாம். முந்நூறு பேருக்குக் கஞ்சி கிண்டத் தெரிந்த அந்தக் கைக்குத் தனக்கென ஒரு கைப்பிடி அரிசி களையத் தெரியவில்லை. பெருஞ்சமையல் ஆணுக்குப் பெருமை. அன்றாடச் சமையல் பெண்ணுக்குக் கடமை என்று எப்படியோ பிரித்து வைத்துவிட்டோம். கணவரை இழந்த நம் தாய்மார் எத்தனையோ துன்பங்களுக்கு நடுவிலும் ஒரு வேளைக் கஞ்சியாவது காய்ச்சிக் குடித்துவிடுகிறார்கள். நம் அத்தாமார் அதற்கும் வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வகுப்பைப் பற்றிய செய்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மூலம் வந்தது. அவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவன். அங்கே அறையில் முறைபோட்டுச் சமைக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒரு தவசுப்பிள்ளையிடம் ஞாயிறுதோறும் சமையல் கற்றுக்கொண்டிருந்தான். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் நெடுங்காலம் கல்யாண வீடுகளில் சமைத்தவர். முழங்கால் தேய்ந்ததால் பந்திச் சமையலை விட்டுவிட்டு, வீட்டு முற்றத்தில் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தார். பெயர்ப்பலகை கிடையாது. எட்டு ஞாயிறுகள், காலை 9 மணி முதல் லுஹர் வரை. அரிசி, பருப்பு, காய்கறிச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவே.

அத்தா தனியாகப் போக மறுத்தார். இந்த வயதில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதா என்றார். நாங்களும் சேர்ந்துகொள்கிறோம் என்று சொன்னோம். அப்போது அது வெறும் தந்திரம். எங்கள் துணைவியர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் ஓர் உண்மை இருந்தது: எங்களுக்கும் தேநீரைத் தவிர வேறொன்றும் போடத் தெரியாது. 68 வயதில் ஒருவர், நாற்பதுகளில் இருவர், இருபதைத் தொட்ட ஐந்து இளைஞர்கள் என்று அந்த முற்றம் நிறைந்தது.

முதல் ஞாயிற்றில் சோறு மட்டும்தான். குக்கரைத் தொடக்கூடாது, உலை வைத்து வடிக்க வேண்டும். எங்களில் மூத்தவர் கஞ்சியோடு சோற்றையும் முற்றத்தில் கொட்டினார். இளையவரின் சோறு அடிப்பிடித்தது. அத்தாவின் சோறு நடுவில் அரிசியாக நின்றது. "பரவாயில்ல பாய், அடுத்த தடவ பதத்த ரெண்டு விரலால நசுக்கிப் பாருங்க" என்று பெரியவர் சொன்னார். "சரி அண்ணாச்சி" என்று அத்தா தலையாட்டினார். எங்கள் வாழ்நாளில் அத்தா ஒருவரிடம் திருத்தம் கேட்டு நின்று நாங்கள் பார்த்தது அதுவே முதல்முறை. அன்று எட்டு பேரும் தத்தம் சோற்றையே உண்டோம். அரைவேக்காட்டுச் சோற்றை அத்தா மிச்சம் வைக்காமல் உண்டார். மருமக்கள் பக்குவமாகச் செய்து அனுப்பியதைத் திறந்தும் பாராதவர், தாம் கெடுத்ததை முழுவதும் உண்டார். இதன் பொருள் எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

சாம்பார், ரசம், பருப்புத் துவையல் என்று வாரங்கள் சென்றன. அவற்றையெல்லாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் ஞாயிறு மட்டும் சொல்லாமல் விட முடியாதது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூராருக்குக் கோயில் கோபுரமும் பால்கோவாவும்தாம். 2019இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் தெருவுக்குத் தெரு விற்கும் ஊரில் அதை வீட்டில் யார் கிண்டுகிறார்கள்? நாங்கள் அறிந்தவரை எவருமில்லை. பெரியவர் அன்று இரண்டு லிட்டர் பாலை அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி, விறகடுப்பில் ஏற்றி, துடுப்பை அத்தாவிடம் கொடுத்தார். அதில் இரகசியம் ஒன்றுமில்லை: பாலும் சர்க்கரையும்தான். கை மட்டும் நிற்கக் கூடாது. அடியிலும் ஓரத்திலும் படியும் ஆடையைச் சுரண்டிச் சுரண்டிப் பாலோடு சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்று அசந்தாலும் அடிப்பிடித்துவிடும். பிறகு முழுச் சட்டியிலும் தீய்ந்த வாடைதான். தொலைபேசி ஒலித்தாலும் எடுக்க முடியாது. பழைய நினைவில் மூழ்கவும் முடியாது என்று நாங்கள் எண்ணினோம். அங்கேதான் தவறிவிட்டோம்.

பால் பாதியாகச் சுண்டியபோது, சட்டியைவிட்டுக் கண்ணெடுக்காமல் அத்தா பேசத் தொடங்கினார். "ஒங்கம்மா உப்ப அளந்து போட்டு நான் பாத்ததே இல்ல. நாப்பத்திரெண்டு வருஷம் சாப்பிட்டிருக்கேன். ஒரு நாள் கூடிப்போச்சுன்னா அன்னைக்கு மட்டும் வாயத் தெறப்பேன். சரியா இருந்த நாள்ல ஒண்ணும் சொன்னதில்ல. அடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்னதுமில்ல." அம்மா மறைந்த ஆறு மாதத்தில் அவர் அம்மாவைப் பற்றிப் பேசியது அன்றுதான். கண்ணீர் புகையினால் என்று அந்த இளைஞர்கள் நினைத்திருக்கலாம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் விறகை மட்டும் இழுத்துத் தீயைக் குறைத்தார். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கிண்டியபின் இறக்கி நிறுத்துப் பார்த்தோம். முக்கால் கிலோவைத் தொடவில்லை. அவரவர் பங்கைப் பூவரச இலையில் வாங்கிக்கொண்டோம்.

துக்கத்தில் இருப்போரிடம் "பேசுங்கள், மனம் லேசாகும்" என்று சொல்வது எளிது. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கள் அத்தாவைப் போன்ற மனிதர்கள் பேச மாட்டார்கள். கைக்கு ஒரு வேலையும் பார்ப்பதற்கு ஒரு சட்டியும் இருந்தால் பேச்சு தானாக வந்துவிடுகிறது. கைப்பேசியில் ஆயிரம் சமையல் காணொளிகள் கிடைக்கும் காலத்தில் வகுப்பு எதற்கு என்று எங்களை நண்பர்கள் கேட்டதுண்டு. காணொளியைப் பார்த்து அத்தா தனியாகக் கிண்டியிருந்தால் அந்தப் பேச்சைக் கேட்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜேமி ஆலிவர் என்னும் சமையற்கலைஞரின் பெயரால் நடந்த ஏழு வார வகுப்பில் 2016 முதல் 2018 வரை கலந்துகொண்ட 657 பேரை எடித் கோவன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். வகுப்பு முடிந்ததும் மனநலமும் உற்சாகமும் கூடியிருந்தன. ஆறு மாதம் கழித்தும் அது நீடித்தது. எங்களை வியக்கவைத்தது வேறொன்று. அவர்கள் உண்ணும் உணவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படாதபோதும் மனநலம் மேம்பட்டிருந்தது. அத்தா ஏன் அரைவேக்காட்டுச் சோற்றை மிச்சமின்றி உண்டார் என்பது அப்போது எங்களுக்குச் சற்று விளங்கியது. தொடக்கத்தில் சமையலில் பெண்களைவிடத் தயங்கிய ஆண்கள், இறுதியில் அவர்களுக்கு நிகரான தன்னம்பிக்கை பெற்றனர் என்பதும் அவ்வாய்வில் உண்டு. எங்கள் துணைவியர் இதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக வேலை செய்வார்கள். தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை நாங்கள் ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு ஆயிற்றா என்று கேட்டிருக்கிறோம். இப்போது வெள்ளிக்கிழமை இரவுச் சமையல் எங்கள் இருவர் வீட்டிலும் எங்களுடையது. பெரிய மாற்றம் என்று சொல்வதற்கில்லை. வாரத்தில் ஒரு வேளை. அதிலும் பாத்திரம் கழுவுவதில் இன்னும் தகராறு இருக்கிறது.

அத்தா இழந்த 9 கிலோவில் 5 கிலோ திரும்பியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கேரியரை நிறுத்திவிட்டோம். காலையில் கஞ்சி அல்லது கோதுமைத் தோசை, மதியம் சோறும் ஒரு குழம்பும், இரவில் பெரும்பாலும் மதியத்து மிச்சம். அம்மா எழுதிவைத்த குறிப்பு எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு குழம்பாக வைத்துப் பார்த்து, "இன்னும் அவ கைக்கு வரல" என்று தொலைபேசியில் சொல்வார். ஒருநாள் மீன் ஆணத்தில் புளிக்குப் பதிலாக மாங்காய் போட்டபோது, ஏறத்தாழ வந்துவிட்டது என்றார். அன்று குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டு நாங்கள் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டோம்.

ரஜப் மாதத்தில் அதே தெருவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். நாங்கள் ஜனாஸாவுக்குப் போயிருந்தோம். துக்கத்தில் இருப்போரின் நெஞ்சுக்கு ஆறுதல் தருவது என்று தல்பீனா எனும் பார்லிக் கஞ்சியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்து, வந்தவர்கள் கலைந்தபின் அதைக் காய்ச்சச் சொல்வது அன்னாரின் வழக்கம். அத்தாவிடம் பார்லி இருக்கவில்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் களைந்து, பூண்டும் வெந்தயமும் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, பள்ளிவாசல் கஞ்சியின் பக்குவத்தில் சிறு சட்டியில் காய்ச்சினார். கபுருஸ்தானிலிருந்து எல்லோரும் திரும்பி, கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு தூக்குச் சட்டியின் ஒரு பக்கத்தை எங்களில் ஒருவர் பிடிக்க, மறுபக்கத்தைத் தாமே பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தார். வாசலில் மூத்த மகன் நின்றிருந்தான். "சூடா இருக்கு, இப்பவே குடிச்சிருங்க. உப்பு மட்டும் பாத்துக்கங்க. சட்டிய நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அத்தா திரும்பினார்.