பின்னிருக்கைக் கம்பி

2006ஆம் ஆண்டுக் கோடையில், மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக நாங்கள் இருவரும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்குச் சென்றிருந்தோம். இவ்வாறு சென்றுவந்த பெற்றோர் அறிவார்கள்: குழந்தை விழித்திருக்கும்போது கைக்கு வேலை ஓயாது, அது உறங்கிவிட்டாலோ வீடே வாய்பொத்தி நிற்கும், நாமும் நிற்க வேண்டும். ஆகவே பிற்பகல்களில் நாங்கள் வாசற்படியில் அமர்ந்து, எதிர்வீட்டுப் பெரியவர் தம் மோட்டார் சைக்கிளைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதனை மோட்டார் சைக்கிள் என்று அழைக்க எங்களுக்கு முதலில் மனம் வரவில்லை. ஹோண்டா கோல்ட்விங் என்பது அதன் பெயர். ஆறு சிலிண்டர், 1832 சி.சி. எஞ்சின், அதாவது அன்று நம் ஊர்த் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் எஞ்சினைவிட இரு மடங்குக்கும் பெரியது. எடை 360 கிலோவுக்குக் குறையாது. நிறுத்திய இடத்திலிருந்து பின்னால் எடுப்பதற்கென்றே மின்விசையில் இயங்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பின்னிருக்கையோ நம் வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு நிகரானது. அதன் முதுகுப்புறம் சாமான் பெட்டி ஒன்று. 1980 முதல் 2009 வரை இவ்வண்டிகள் அதே மாநிலத்தின் மேரிஸ்வில் என்னும் சிற்றூரில்தான் உருவாயின. எனவே அவ்வட்டாரத்தார் அதனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப்போல் பேசுவார்கள்.

பெரியவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவரும் இருபத்திரண்டு கோடைகள் சேர்ந்து பயணம் செய்தவர்கள். அவ்வண்டியில் முன்னிருப்பவரும் பின்னிருப்பவரும் தலைக்கவசத்துக்குள் பொருத்திய சிறு ஒலிவாங்கி வழியாகப் பேசிக்கொள்ளலாம். அம்மாநிலத்தில் வயது வந்தோருக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை. ஆயினும் பேசுவதற்காகவே அவர்கள் இருவரும் அதனை அணிந்தார்களாம். "சாலையெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தலைக்கவசத்துக்குள்தான் சத்தமே இல்லை" என்று ஒரு நாள் சொன்னார். அந்த வெறுமையை நிரப்பக் கையடக்கமான செயற்கைக்கோள் வானொலி ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கி ஆறு மாதமாகியும் அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

எங்களுள் ஒருவர் திருச்சியில் தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மற்றவர் பள்ளி ஆசிரியை. கம்பிகளோடு வாழ்ந்தவர் எதிர்வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பெரியவர் அந்தப் பெட்டியோடு வந்து நின்றார்.

செயற்கைக்கோள் வானொலி எங்களுக்குப் புதிதன்று. அந்நாளில் வேர்ல்டுஸ்பேஸ் என்னும் நிறுவனம் இந்தியாவிலும் அச்சேவையை நடத்திவந்தது. எங்கள் மொட்டைமாடியில் அதன் ஆண்டெனாவைக் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே ஒதுக்கி, பூமத்திய ரேகைக்கு மேலே 105 பாகை கிழக்கில் நின்ற ஏசியாஸ்டார் கோளை நோக்கிச் சாய்த்து வைத்திருந்தோம். ஒரு சாண் திரும்பினாலும் பாட்டு நின்றுவிடும். ஓடுகிற வண்டியில், வளைவுக்கு வளைவு திசை மாறும்போது, எதை எங்கே நோக்கிச் சாய்ப்பது? எங்கள் முதல் ஐயம் இதுவே.

பெட்டியைப் பிரித்தபோது ஐயம் தீர்ந்தது. அமெரிக்காவில் அன்று எக்ஸ்.எம்., சிரியஸ் என இரு நிறுவனங்கள் போட்டியில் இருந்தன, 2008இல்தான் ஒன்றாயின. பெரியவர் வாங்கியது எக்ஸ்.எம். அதன் கோள்கள் நாடு முழுவதற்கும் மிகுந்த விசையோடு ஒலிபரப்பின. ஆகையால் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஆண்டெனா வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் போதும்; குறி வைக்க வேண்டியதில்லை. ஒரு கோள் 85 பாகை மேற்கில், மற்றொன்று 115 பாகை மேற்கில். ஒன்றன் ஒலி மற்றதைவிடச் சில நொடி பின்தங்கி வருமாறு அமைத்திருந்தார்கள். பாலத்தடியில் வண்டி நுழைந்து வானம் மறைந்தாலும் விட்டுப்போன துண்டை மற்றதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பெரு நகரங்களில் கட்டடங்கள் மறைக்குமென்று தரையிலும் ஒலிபரப்பிகள் வைத்திருந்தார்கள். மாதக் கட்டணம் 12.95 டாலர். இத்தனை கெட்டிக்காரத்தனத்தையும் கண்டு எங்கள் தொலைபேசிக்காரர் சற்று நேரம் பேச்சற்றிருந்தார்.

வேலை நான்கு பிற்பகல்களில் நடந்தது. வானொலியைக் கைப்பிடியருகே, எத்திசையிலும் திருப்பக்கூடிய உருண்டைத் தாங்கியில் பொருத்தினோம். மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேரே எடுப்பது எளிது. ஆனால் வண்டியை நிறுத்திய பின்னும் கருவி மின்சாரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும், ஒரு நாள் பேட்டரி செத்துக் கிடக்கும். ஆகவே சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் கம்பியைத் தேடிப் பிடித்து, இடையில் சிறு ஃப்யூஸ் வைத்து எடுத்தோம். வண்டியின் எஃப்.எம். வழியாகக் கேட்கும் வசதி அக்கருவியில் இருந்தது. எனினும் ஊருக்கு ஊர் அதே அலைவரிசையில் வேறொரு நிலையம் குறுக்கிடும் என்பதால், வண்டியின் ஒலிப்பெருக்கியோடு கம்பியாலேயே இணைத்தோம்.

இணைத்தால் வந்தது பாட்டன்று, கொசுவின் பாட்டு. எஞ்சின் விரைந்தால் அதுவும் உச்சத்துக்கு ஏறியது. பெரியவரின் முகம் வாடிற்று. எங்கள் தொலைபேசிக்காரரின் முகமோ பழைய நண்பரைக் கண்டதுபோல் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் தொலைபேசித் தடங்களில் இத்தகைய முனகலைத் துரத்தியவரல்லவா! கருவி ஓரிடத்தில் எர்த் ஆகிறது, ஒலிக்கம்பியின் உறை வேறோரிடத்தில் எர்த் ஆகிறது. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டத்தால் இரண்டுக்குமிடையே எழும் சிறு வேறுபாடு ஒலியோடு கலந்துவிடுகிறது. சிறு மின்மாற்றி கொண்ட ஒரு குமிழை ஒலிக்கம்பியின் நடுவே செருகினால், ஒலி தாண்டும், முனகல் தாண்டாது. கடையில் சில டாலருக்குக் கிடைத்தது. செருகியதும் கொசு செத்தது.

எஞ்சியது ஆண்டெனா. அதற்குரிய இடம் பின்பெட்டியின் மூடிதான் என்பதில் ஐயமில்லை. அங்கேதான் வானம் முழுமையாகத் தெரியும். பெரியவரோ, "பின்னால் எதையும் தொட வேண்டாம்" என்றார். குரலில் கடுமையில்லை, ஆனால் மேலே பேச இடமுமில்லை. பின்னிருக்கையின் இடப்புறத்தில், தலைக்கவசத்தை இணைக்கும் சுருள் கம்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். "என்னங்க, முன்னாலேயே வைத்துவிடுங்கள்" என்று ஆசிரியை தமிழில் மெல்லச் சொன்னார். முன்னால் வைத்தோம்.

நகருக்குள் ஓட்டியபோது எத்திசையிலும் குறையில்லை. மறுநாள் சோளக் காடுகளுக்கிடையே வடக்கு நோக்கிப் போனவர் உம்மென்று திரும்பினார். போகும்போது ஒலி விட்டுவிட்டு வந்ததாம். திரும்பும்போது தெளிவாக இருந்ததாம். காரணம் எளியது. கோள்கள் தென்வானத்திலும் தென்மேற்கிலும் நிற்கின்றன. வடக்கே போகும்போது ஓட்டுபவரின் உடலே குறுக்கே நிற்கும் சுவர். நகருக்குள் தரை ஒலிபரப்பிகள் இக்குறையை மூடி மறைத்துவிட்டன. இதை மண்ணில் கோடு கிழித்து விளக்கினோம். அவர் கோல்ட்விங்கைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வீட்டுக்குள் போய்விட்டார். அவருடைய தங்கை வசிப்பது வடக்கே மிச்சிகனில். அவ்வாண்டு அவர் போக விரும்பிய ஒரே பயணம் அது என்பதும், மனைவி போனபின் அப்பாதையில் அவர் வண்டியைத் திருப்பியதே இல்லை என்பதும் பிறகு தெரியவந்தன.

இரண்டு நாள் அவரை வெளியே காணவில்லை. தேவையற்றதைச் சொல்லி ஒரு மனிதரை வருத்திவிட்டோமோ என்று நாங்கள் எங்களுக்குள்ளேயே சச்சரவிட்டுக்கொண்டோம். மூன்றாம் நாள் காலையில் வந்து கதவைத் தட்டினார். கையில் பின்பெட்டியின் சாவி.

பெட்டிக்குள் ஒரு பெண்ணின் தலைக்கவசம், ஒரு சால்வை, மடித்த வரைபடங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆசிரியையின் கையில் கொடுத்தார். மூடி பிளாஸ்டிக் என்பதால் அலைகள் ஊடுருவும்; ஆண்டெனாவை வெளியே ஒட்டாமல் மூடியின் உட்புறத்திலேயே பதித்தோம். வெளித்தோற்றத்தில் எதுவும் மாறவில்லை. அது அவருக்கு நிறைவாக இருந்தது என்று நினைக்கிறோம். கம்பியை இருக்கைக்கு அடியில் நுழைத்து முன்னே கொண்டுவந்தோம்.

பின்னிருக்கையில் ஆள் அமர்ந்தால் மறைக்குமா என்று சோதிக்க வேண்டும் என்றார் பெரியவர். சோதனை தேவைதானா என்று எங்கள் தொலைபேசிக்காரர் கேட்க வாயெடுத்தார். ஆசிரியை ஒரு பார்வை பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. அறுபது வயது ஆசிரியை மகளின் கால்சட்டையை அணிந்துகொண்டு, அந்தத் தலைக்கவசத்தைத் தலையில் மாட்டி, சுருள் கம்பியை இணைத்து, கோல்ட்விங்கில் ஏறினார். மகள் சன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

தெருமுனை வரைதான் பேச்சு. அரை மணி நேரம் கழித்தே வந்தார்கள். வானொலி நன்றாகவே பாடியதாம். அவ்வண்டியில் ஒருவர் பேசினால் பாட்டு தானாகத் தணிந்து வழிவிடும். முதல் திருப்பத்தில் வண்டி சாய்ந்ததும் ஆசிரியை அச்சத்தில், "கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க!" என்று தமிழில் கத்திவிட்டார். பாட்டு தணிந்தது, வண்டியும் உடனே வேகம் குறைந்தது. வீட்டு வாசலில் இறங்கிய பெரியவரின் கண்கள் சிவந்திருந்தன. "உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கட்டளையை இருபத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறேன்" என்றார்.

அக்டோபரில் நாங்கள் ஊர் திரும்பினோம். வேர்ல்டுஸ்பேஸ் 2009 திசம்பர் 31ஆம் நாளோடு இந்தியாவில் நின்றுபோயிற்று. ஆண்டெனா மட்டும் மாடியில் நெடுநாள் கிடந்தது. பெரியவரிடமிருந்து முதல் குளிர்காலத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. படத்தில் மிச்சிகனின் இரு நிலப்பகுதிகளை இணைக்கும் மெக்கினா பாலம். அதன் உட்தடங்கள் இரும்புச் சல்லடையால் ஆனவை. கீழே நீர் தெரியும், சக்கரம் நடுங்கும். வடக்கே காடுகளில் ஒலி அடிக்கடி அறுந்தது என்று எழுதியிருந்தார். பாலத்தில் ஏறியதும் வானொலியைத் தாமே நிறுத்திவிட்டு, மிக மெதுவாக ஓட்டினாராம். ஊர் திரும்புமுன், பயன்படாத பின்னிருக்கைக் கம்பி மழையில் நனைந்து துரு ஏறுமே, கழற்றி வைக்கட்டுமா என்று நாங்கள் கேட்டிருந்தோம். அட்டையின் ஓரத்தில், கம்பிக்குப் புதிய உறை ஒன்று வாங்கி மாட்டிவிட்டதாகச் சிற்றெழுத்தில் எழுதியிருந்தார்.