ஆடிப்பட்டத்துக்கு விதை வந்தாச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை கோவையில் எங்கள் மாடித்தோட்டக் குழு கூடியது. ஆடிப்பட்டம் தொடங்கிவிட்டதால் விதைப் பரிமாற்றம்தான் முக்கிய வேலை. சுரை, பீர்க்கன், பாகல், புடலை எல்லாம் கைமாறின. பாகலுக்கும் புடலைக்கும் விதைத்தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.

எனக்கு மனசில் நின்றது ஓர் அம்மா கொண்டுவந்த கொடி அவரைதான். சாம்பல் புரட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். அவருடைய மாமியார் காலத்து விதையாம். கைநிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு, "ஐப்பசி வரைக்கும் வெறும் கொடியாத்தான் ஓடும். பூ வரலீன்னு புடுங்கிப் போட்றாத கண்ணு" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நம் பழைய கொடி அவரை ரகங்கள் பகல்பொழுது குறையும்போதுதான் பூக்கும், பனிக்காலத்தில்தான் காய்க்கும். அவசரப்பட்டு உரத்தைக் கொட்டினால் இலைதான் பெருகும். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

வீரிய ஒட்டுரகக் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வராது. நாட்டு விதை அப்படியல்ல, வருஷா வருஷம் நாமே எடுத்துக்கொள்ளலாம். இப்படி வீட்டுக்கு வீடு காப்பாற்றியதால்தான் அந்த அவரை இன்று என் கைக்கு வந்திருக்கிறது.

விதை வாங்கிப் போனவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நல்ல காய்களாக நாலைந்தைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். அதில் ஒரு கைப்பிடி விதையை மறக்காமல் குழுவுக்குத் திருப்பிக் கொடுங்கள்.