கரையோரக் கல்வாழை

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புமிக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் குளத்தின் ஓரத்தில் நடத்தக்க பூஞ்செடி யாதென்று தாங்கள் வினவியிருந்தீர்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்ற இந்நகரத்தில், வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று கரையேறியதும் வளவுகளிலெல்லாம் ஈரம் ஊறி நிற்க, அந்த ஈரத்தையே தனக்கு ஐசுவரியமாகக் கொண்டு செழிப்பது கல்வாழை என்பதே என் மறுமொழி.

அதன் மலரை அருகிருந்து நோக்க வேண்டும். இதழ்கள் என்று நாம் மயங்கும் அந்தச் செந்நிற மடல்கள் மெய்யாகவே இதழ்கள் அல்ல. மகரந்தத்தைத் துறந்து அகன்று விரிந்த கேசரங்களே அவை. உண்மை இதழ்கள் மூன்றும் கீழே குறுகி ஒடுங்கியிருக்க, ஒரேயொரு கேசரம் மட்டும் தன் ஓரத்தில் பாதி மகரந்தப் பையைத் தாங்கி, வம்சவிருத்தியின் பொறுப்பு முழுவதையும் ஏற்று நிற்கிறது.

முளையுள்ள கிழங்கை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலாக, வெயில் படுகின்ற சேற்று மண்ணில், மக்கிய எருவிட்டு, நான்கு விரற்கடை ஆழத்தில் நட்டால் போதும். விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர், குண்டுமணிபோல் இறுகிய அந்தக் கரிய விதையின் தோலைக் கல்லில் சிறிது தேய்த்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து ஊன்றுதல் வேண்டும். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்துவிட்டால் கிழங்கு புதிய தண்டுகளை எழுப்பும். நீரில் மிகுந்த உரச்சத்தையும் அதன் வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். குளத்திலோ கப்பி மீன்கள் அவசியம்; கொசுப்புழுக்களை அவை தின்றுவிடுவதால் டெங்கின் பீதி தணியும்.

ஆயினும் நீர்க்கரையில் நடுபவன் தன் வளவை மட்டும் எண்ணுதல் தகாது. இங்கே முற்றத்து நீர் வடிகாலிலும், வடிகால் வெள்ளவத்தைக் கால்வாயிலும், அது சமுத்திரத்திலும் சென்று சேர்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊதாப் பூவின் வனப்புக்காகவே இத்தீவுக்குக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை, குளங்களையும் ஓடைகளையும் மூடிப் பரவியமையால், 1909-இல் அதனை ஒழிக்கச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இன்றும் அது ஒழிந்தபாடில்லை. 2018-இல் ராம்சார் ஈரநில நகரங்கள் என்று முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற பதினெட்டு நகரங்களுள் ஒன்றான கொழும்பு, அந்த மதிப்பைக் காப்பதற்கும் ஒவ்வொரு வீட்டாரின் விவேகம் துணைநிற்க வேண்டும்.

ஆகாயத்தாமரையைப் போலவே கல்வாழையும் அமெரிக்க மண்ணில் பிறந்ததே. எனினும் மிதந்து திரியாமல் கிழங்கூன்றி நிற்பதால் அதனைக் கட்டுக்குள் வைப்பது எளிது. ஆண்டுக்கொருமுறை புதரைப் பிரித்து, கழித்த கிழங்குகளை ஓடையில் எறியாமல் வெயிலில் உலர்த்திவிடுங்கள். நிறத்தில் மனம் பறிகொடுக்குமுன் வேரின் சுபாவத்தை விசாரித்து, அயலாருக்கும் பொதுவான நீருக்குத் தீங்கில்லை என்ற நிச்சயம் பிறந்த பின்னரே எதனையும் நடுதல் தர்மம். தங்கள் பக்கத்தில் ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே கிழங்கை ஊன்றிவிடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள
கொழும்பு மடலாளன்