மாயாவி முதலில் கெட்டவன்தான்

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை நல்லவனாகவே பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சேதி: ஆள் ஆரம்பத்தில் அசல் வில்லன். 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதையில், ஆய்வக உதவியாளன் லூயிஸ் க்ராண்டெலுக்கு வலது கை போய், இரும்புக் கை. ஒரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, அந்தக் கையைத் தவிர மொத்த ஆளும் மறைந்துபோகிறான். உடனே திருட்டு, மிரட்டல். நியூயார்க்கையே தகர்க்கப் பார்க்கிறான். திருந்தி உளவாளி ஆனதெல்லாம் பிறகுதான். ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கை விரல் விரித்து அந்தரத்தில் மிதக்கும். பயப்பட முகமே தேவையில்லை.

1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இவனைத்தான் இறக்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்குக் கரண்டு என்றால் போர்செட் கொட்டகை. ஃபியூஸ் கேரியரைத் தொட்டால் அப்பா தோலை உரித்துவிடுவார். இவனோ மறைவதற்காக விரும்பிப் போய் ஷாக் வாங்குகிறான்! குறுவைக்குத் தண்ணீர் இறைக்க ராத்திரி மும்முனை கரண்டுக்குக் காத்துக் கிடந்த ஊரில் பிறந்திருந்தால், பகலெல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டிருப்பான்.

என்னைக் கேட்டால், திருடனாக இருந்த மாயாவிதான் உசத்தி. கரண்டின் வீரியம் தீர்ந்து உடம்பு தெரிய ஆரம்பிக்கும்போது வரும் பதற்றம், அரசாங்கச் சம்பளம் வாங்கிய பிறகு அவ்வளவாக வரவில்லை.